கடைசி நாலு லிட்டர்: போர் தண்ணீரில் கழுவியும் வெள்ளைப் புள்ளி விழாமல் வண்டியை வைத்திருப்பது

கோவையில் பல வீடுகளில் தண்ணீர் இரண்டு வகை. ஒரு குழாயில் நல்ல தண்ணீர், இன்னொன்றில் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் என்றால் சிறுவாணி அணையிலிருந்தோ பில்லூர் அணையிலிருந்தோ வருவது. மாநகராட்சி விடும் நாளில் பிடித்துத் தொட்டியில் சேர்த்து வைப்பது. உப்புத் தண்ணீர் போரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றில் வருவது. துணி, பாத்திரம், செடி, வண்டி எல்லாவற்றுக்கும் அதுதான். சிறுவாணித் தண்ணீரை ஓஸில் மாட்டி வண்டிக்கு அடித்தால் பக்கத்து வீட்டு அக்கா "ஏனுங்க, குடிக்கிற தண்ணியிலயா வண்டி கழுவறீங்க?" என்று கேட்டே விடுவார். அவர் கேட்பது நியாயம்தான். அதனால் இந்த வருஷம் நான் எடுத்துக்கொண்ட வேலை இது: உப்புத் தண்ணீரிலேயே கழுவ வேண்டும், ஆனால் காய்ந்த பிறகு புள்ளி தெரியக்கூடாது. வீட்டில் ஒரு கருநீலக் கார், கறுப்பு டேங்க் வைத்த ஒரு பைக். இரண்டுமே எதையும் மறைக்காத நிறம்.

பிப்ரவரி

ஷாம்பூவை மாற்றினால் சரியாகிவிடும் என்று வாட்டர் வாஷ் கடையில் சொன்னார்கள். ஷாம்பூவைத் தொடுவதற்கு முன் தண்ணீரைத் தெரிந்துகொள்ளலாம் என்று ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கினேன். போர் தண்ணீர் 1240 காட்டியது. அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பெல்லாம் சேர்ந்து 1240 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரம் ஏற்றுக்கொள்வது 500. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2000 வரை விடுகிறது.

இந்த மீட்டர் நேரடியாக உப்பை எடை போடுவதில்லை, தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறது. சாப்பாட்டு உப்பா, சுண்ணாம்பா என்று அதற்குத் தெரியாது. புள்ளி விஷயத்தில் அந்த வித்தியாசம்தான் முக்கியம். அதனால் கடினத்தன்மையை, அதாவது சுண்ணாம்பு வகை உப்பு எவ்வளவு என்பதை, பார்க்க மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் சொட்டு மருந்தையும் வாங்கி வந்தேன். சின்னக் குப்பியில் 5 மில்லி தண்ணீர் எடுத்து, நிறம் மாறும் வரை ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும். ஒரு சொட்டு லிட்டருக்குக் கிட்டத்தட்ட 18 மில்லிகிராம் கடினத்தன்மைக்குச் சமம். எங்கள் போர் தண்ணீருக்குச் சொட்டு விட்டு விட்டுக் கை வலித்தது. கணக்குப் பார்த்தால் 600ஐத் தாண்டிவிட்டது. 180க்கு மேல் போனாலே மிகக் கடினமான தண்ணீர் என்பார்கள். மதுக்கரையில் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் ஊர்ப்பக்கம் இது, பாறைக்குள் இருந்து வருகிற தண்ணீரில் சுண்ணாம்பு இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

இந்தச் சுண்ணாம்பு நிலத்தடித் தண்ணீரில் பைகார்பனேட்டாகக் கரைந்து வருகிறது. தண்ணீர் சூடாகி ஆவியாகும்போது கரியமில வாயு வெளியேறி, மிச்சம் கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. படிந்தது திரும்பக் கரைவதில்லை. சாப்பாட்டு உப்பு ஒரு லிட்டர் தண்ணீரில் 350 கிராமுக்கு மேல் கரையும். கால்சியம் கார்பனேட் சுத்தமான தண்ணீரிலேயே 15 மில்லிகிராம் அளவுக்குத்தான் கரையும். புள்ளி விழுந்த வண்டியை மறுபடி மறுபடி கழுவினாலும் போகாததற்குக் காரணம் இதுதான். ஷாம்பூவுக்கும் இதற்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவு.

மார்ச்

மெக்கானிக் கடையில் கழற்றிப் போட்டிருந்த ஒரு கறுப்பு சைடு பேனலைக் கேட்டு வாங்கி வந்து, பாலிஷ் போட்டு, மொட்டை மாடியில் வெயிலில் வைத்தேன். அதில் ஒவ்வொரு தண்ணீரிலும் வரிசையாகச் சொட்டு வைத்து, காய்ந்ததும் பார்ப்பது. இந்த ஒரு சோதனை கற்றுக்கொடுத்த அளவுக்கு வேறு எதுவும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

போர் தண்ணீர்ச் சொட்டு, எதிர்பார்த்தபடி, நடுவில் மங்கலும் ஓரத்தில் கெட்டியான வெள்ளை வளையமுமாகக் காய்ந்தது. சொட்டின் ஓரம் சீக்கிரம் காய்வதால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஓரத்தை நோக்கி ஓடி, தான் சுமந்து வருவதையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. காபி சிந்திய இடத்தில் வளையம் விழுவது ஏன் என்று 1997ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் விளக்கியது இதைத்தான்.

ஆர்ஓ மெஷினிலிருந்து வந்த குடிதண்ணீர் மீட்டரில் 80. லேசான தடம் மட்டும். சிறுவாணி 50ஐ ஒட்டி. சாய்த்துப் பார்த்தால்தான் தெரிந்தது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் 15; எங்கே சொட்டு வைத்தேன் என்று தேட வேண்டியிருந்தது. காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த காயிலில் பட்டு நீராவதுதான் ஏசித் தண்ணீர், அதனால் அதில் சுண்ணாம்புக்கு வழியே இல்லை.

ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீரில் வைத்த சொட்டுத்தான் எல்லாவற்றிலும் மோசம். மீட்டர் 1800 காட்டியது. அந்த மெஷின் சுத்தத் தண்ணீரைப் பிரித்து எடுத்துக்கொண்டு, உப்பை எல்லாம் மிச்சத் தண்ணீரில் தள்ளிவிடுகிறது. "ஆர்ஓ வேஸ்ட் தண்ணியைக் கொட்டாதீங்க, வண்டி கழுவுங்க" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கொட்டாமல் இருப்பது நல்லதுதான், அதை நான் முழு மனசாக ஆதரிக்கிறேன். டயர், மட்கார்டு அடி, போர்டிகோ தரை, இதற்கெல்லாம் அது போதும். பெயிண்டின் மேல் கடைசியாக ஊற்றும் தண்ணீராக மட்டும் அது இருக்கக் கூடாது.

நண்பர் ஒருவரின் அபார்ட்மெண்டில் சாஃப்ட்னர் இருக்கிறது. அந்தத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொண்டு வந்தேன். சாஃப்ட்னர் கால்சியம், மக்னீசியத்தை எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தை விடுகிறது. உப்பின் மொத்த அளவு குறைவதில்லை. மீட்டரும் ஆயிரத்துக்கு மேலேயே நின்றது. சொட்டும் வெள்ளையாகத்தான் காய்ந்தது. ஆனால் ஈரத்துணியை ஒரு தடவை இழுத்ததும் போய்விட்டது! சோடியம் உப்பு தண்ணீரில் கரைந்துவிடும். சாஃப்ட்னர் போட்டால் புள்ளியே வராது என்று விற்பவர்கள் சொல்வதைவிட, வந்தாலும் ஒட்டாது என்பது சரியான விவரம்.

ஏப்ரல்

ஏற்கெனவே படிந்திருந்ததை எடுக்கும் மாதம். மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் அசிட்டிக் அமிலம் 4 சதவீதம் இருக்கும். அதில் சரிபாதி ஏசித் தண்ணீர் கலந்து, மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, நிழலில் ஆறிய பானட்டின் மேல் ஒரு நிமிடம் போட்டு வைத்து எடுத்தால் கார்பனேட் புள்ளி கரைந்து வருகிறது. உடனே நன்றாகக் கழுவிவிட வேண்டும், காயவிடக் கூடாது. மேலே போட்டிருந்த மெழுகும் இதில் போய்விடும், திரும்பப் பூச வேண்டும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டைத் தண்ணீர் கலந்து அடிக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். அது அலுமினியத்தையும் குரோமையும் அரித்துவிடும். சைலன்சரில் ஒரு தடவை விழுந்த கறுப்பு திரும்பாது.

எல்லாப் புள்ளியும் வினிகருக்கு அசையவில்லை. புள்ளியில் இருக்கக்கூடிய இன்னொரு உப்பான கால்சியம் சல்ஃபேட் வினிகரை மதிக்காது, ஆனால் மெதுவாகத் தண்ணீரில் கரையும், லிட்டருக்கு 2 கிராம் போல. அந்த இடங்களில் ஏசித் தண்ணீரில் நனைத்த துணியை அரை மணி நேரம் போர்த்தி வைத்தது நல்ல பலன் தந்தது. டிக்கி மூடியின் மேல் சில வளையங்கள் மட்டும் எதற்கும் வரவில்லை. விரலால் தடவினால் வழவழப்பாக இருக்கிறது, கண்ணுக்கு வளையம் தெரிகிறது. அங்கே படிவு எதுவும் இல்லை, பெயிண்டின் மேல் இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டே அரிக்கப்பட்டுவிட்டது. கிளியர் கோட்டின் கனம் மொத்தமே 40, 50 மைக்ரான்தான். பாலிஷ் போட்டால் அதைத்தான் சுரண்டி எடுக்கிறோம். நான் அந்த வளையங்களை லேசாகக் குறைத்ததோடு விட்டுவிட்டேன். தூரத்திலிருந்து தெரியாத ஒன்றுக்காக அந்தப் பூச்சைத் தேய்த்து மெலிய வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மே, ஜூன்

இப்போது கழுவும் முறை. வெயிலில் நின்ற கருநீல பானட்டில் கை வைக்க முடியாது. தண்ணீர் பட்ட கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். அதனால் காலையில் ஆறரைக்கு முன், நிழலில். முதலில் போர் தண்ணீரில் தூசியை இறக்கி, ஷாம்பூ போட்டு, கூரையிலிருந்து கீழ்நோக்கி. கதவுக்கு வரும்போது கூரை காய்கிற மாதிரி இருந்தால் மேலே மறுபடி தண்ணீர் காட்டுவேன். ஈரமாகவே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஈரமாக இருக்கும் வரை எந்தத் தண்ணீரும் புள்ளி போடுவதில்லை.

அலசும்போது ஓஸின் முனையில் மாட்டும் கன்னைக் கழற்றிவிடுகிறேன். வெறும் ஓஸை மேலே பிடித்தால் தண்ணீர் ஒரு படலமாக ஓடி, துளிகளையும் இழுத்துக்கொண்டு இறங்குகிறது. கன்னில் பீய்ச்சினால் ஆயிரம் துளி தெறித்து நிற்கும்.

அப்புறம்தான் கடைசி நாலு லிட்டர். கழுவி முடித்த காரில் அரை லிட்டர் போர் தண்ணீர் ஒட்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது அப்படியே காய்ந்தால் வண்டி மேல் 0.6 கிராம் உப்பு. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியும் புள்ளியெல்லாம் அவ்வளவேதான். நாலு லிட்டர் ஏசித் தண்ணீரைப் பூவாளியில் ஊற்றி மேலிருந்து மெதுவாக விட்டால், நிற்கும் உப்புத் தண்ணீரில் பெரும்பகுதி அடித்துக்கொண்டு போய்விடும். பைக்குக்கு ஒன்றரை லிட்டர் தாராளம். செடிக்கு மருந்து அடிக்கும் கைப்பம்பில் அடித்தால் ஒரு லிட்டரிலேயே முடிந்துவிடுகிறது.

மொத்தக் கழுவலையும் நல்ல தண்ணீரில் செய்ய வேண்டியதில்லை என்பதுதான் இந்த வருஷ வேலையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நூறு லிட்டர் உப்புத் தண்ணீரில் கழுவலாம். பெயிண்டைத் தொடும் கடைசித் தண்ணீர் எது என்பதில் மட்டும் கவனம் போதும்.

பிறகு துடைப்பது. கனமான மைக்ரோஃபைபர் டவலை விரித்துப் போட்டு ஒற்றி எடுக்கிறேன், தேய்ப்பதில்லை. பழைய வேட்டியும் தண்ணீரை நன்றாக உறிஞ்சும், பஞ்சு இழை ஒட்டுவதுதான் தொல்லை. துடைத்து முடித்ததும் ஒரு சின்ன ரவுண்டு ஓட்டிவிட்டு வருவது ரொம்ப உதவியாக இருக்கிறது. சைடு மிரர், கதவுப் பிடி, நம்பர் பிளேட், டிக்கி இடுக்கு எல்லாவற்றிலும் ஒளிந்திருக்கும் தண்ணீர் வெளியே வரும். திரும்பி வந்து அதை மட்டும் துடைத்தால் போதும். இந்த இடுக்குகளில் பூவாளித் தண்ணீர் சரியாகப் போவதில்லை, அதனால் அங்கிருந்து ஒழுகுவது இன்னும் போர் தண்ணீர்தான்.

ஏசித் தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அதை இன்வெர்ட்டர் பேட்டரியிலோ கார் பேட்டரியிலோ ஊற்றாதீர்கள். செம்பும் அலுமினியமும் உள்ள காயிலில் பட்டு, தூசியும் சேர்ந்து வருகிறது. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான். வண்டி மேல் ஊற்றவும் துணியில் வடிகட்டியே எடுக்கிறேன்.

ஆகஸ்ட்

பெயிண்டின் மேல் தண்ணீர் ஒட்டாமல் இருக்கப் பூசும் செராமிக் கோட்டிங் போட்ட நண்பரின் காரைக் கழுவிப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. கோட்டிங் போட்டால் புள்ளி விழாது என்ற நம்பிக்கையில் பலர் ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறார்கள். தண்ணீர் அதன் மேல் முத்து முத்தாக உருண்டு நிற்பது பார்க்க அழகுதான். ஆனால் ஓடி இறங்காமல் நின்றுவிட்ட ஒவ்வொரு முத்தும் தன் உப்பையெல்லாம் ஒரே சின்ன இடத்தில் இறக்கிவைக்கிறது. துடைக்காமல் விட்ட பகுதியில் சின்னச் சின்னப் புள்ளிகள் அடர்த்தியாகவே விழுந்தன. கோட்டிங்கின் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: பூவாளித் தண்ணீர் அதன் மேல் வழுக்கி ஓடுவதால் துடைக்கும் வேலை பாதியாகிறது. கோட்டிங் போட்டவர்களும் துடைக்கத்தான் வேண்டும்.

நவம்பர்

வடகிழக்குப் பருவமழை வந்ததும் ஏசி ஓடவில்லை, அதற்குப் பதில் மழைத்தண்ணீர் வந்தது. மாடிக் குழாயில் முதல் பத்து நிமிட மழையைப் போகவிட்டு, அப்புறம் டிரம்மில் பிடித்து, துணி கட்டி மூடி வைத்தேன். மீட்டரில் 30க்குள். கொசு வராமல் மூடியிருந்தால் போதும், அடுத்த கோடை வரை கூட வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

முன் கண்ணாடியில் வைப்பர் போகும் பாதையில் ஒரு பழைய படிவு இன்னும் இருக்கிறது. வினிகருக்கு அசையவில்லை, சிலிக்காவாக இருக்க வேண்டும். கண்ணாடியைப் பாலிஷ் போடும் சீரியம் ஆக்சைடு தூளைத் தண்ணீரில் குழைத்து ஃபெல்ட் துண்டால் கையாலேயே தேய்க்கிறேன். ஓட்டுநர் பக்கம் தெளிந்துவிட்டது, மறுபக்கம் பாக்கி.

உப்பைப் பிடித்துக்கொண்டு போர் தண்ணீரை நேராகச் சுத்தமாக்கும் குருணையான மிக்ஸ்டு பெட் ரெசின் வாங்கலாமா என்றும் யோசித்தேன். ஒரு லிட்டர் ரெசின் சுமார் 20, 25 கிராம் உப்பைப் பிடிக்கும். எங்கள் போர் தண்ணீரில் அது 20 லிட்டருக்குள் தீர்ந்துவிடும், அதாவது கடைசி நாலு லிட்டர் கணக்கில் கார் நாலைந்து தடவை கழுவுவதற்குள். மழைத்தண்ணீர் டிரம் இருக்கும்போது அந்தச் செலவுக்கு அவசியம் தெரியவில்லை. டிசம்பரில் இன்னொரு டிரம் வாங்கி வைக்கப் போகிறேன்.