மெரோன் யாத்திரையில் கேட்ட கீழ்த்திசை மெட்டுகள்

வட இஸ்ரேலின் கலிலேய மலைகளில் உள்ள மெரோனில், இரண்டாம் நூற்றாண்டு ஞானியான ரப்பி (யூத மதகுரு) ஷிமோன் பார் யோகாயின் சமாதி இருக்கிறது. பாஸ்கா பண்டிகைக்குப் பின் எண்ணப்படும் 49 நாட்களில் யூதர்கள் துக்கம் காத்து, வாத்திய இசையைத் தவிர்ப்பர். 33ஆம் நாளான லாக் பாஓமர் அன்று அந்த விலக்கு தளர, பக்தர்கள் பெருந்திரளாக அந்தச் சமாதியை நோக்கிப் புறப்படுவர்.

ஊர்வலம் அருகிலுள்ள சஃபேத் நகரில், அல்ஜீரியாவிலிருந்து வந்து குடியேறிய ‘அப்போ’ என்னும் குடும்பத்தாரின் வீட்டு முற்றத்தில் தொடங்குகிறது. 1833 முதல் அந்த வீட்டிலிருந்துதான் யூதர்களின் வேதமான தோராவின் சுருள் மெரோனுக்கு எடுத்துச் செல்லப்படுகிறது. வண்ணத் துணிகள் கட்டிய சுருளை ஏந்தி வெளியே வந்ததும் கிளாரினெட்டும் கைமுரசும் ஒலித்தன. கிளாரினெட் கலைஞர் ஒவ்வொரு சொற்றொடரின் முடிவிலும் ஸ்வரத்தைச் சட்டென்று நெரித்து, விம்மலை அடக்குவதுபோல் நிறுத்தினார். அந்தக் கணத்தில் முரசு தாளத்தை மேலும் நெருக்கிப் பிடிக்க, கூட்டம் கைகோத்து ஆடியது.

இங்கே ஒலித்தது கிளெஸ்மர் இசை. அது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் திருமண இசை என்றாலும், அதன் உயிர்நாடியில் கிழக்கு நெடுங்காலமாகக் கலந்திருக்கிறது. மொல்தாவியப் பகுதியில் ஒட்டோமான், கிரேக்க இசையோடு பழகிய யூதக் கலைஞர்கள் ‘டெர்கிஷ்’ என்னும் துருக்கிய பாணி நடன மெட்டுகளை வாசித்தனர். தொழுகையில் ‘அகவா ரப்பா’ எனப்படும் ஸ்வர அமைப்பு அரபு இசையில் ராகம் போன்ற மக்காம்களில் ஒன்றான ஹிஜாஸுக்கு மிக நெருங்கியது. கர்நாடக இசை அறிந்தவர்கள் அதில் வகுளாபரண ராகத்தின் ஸ்வரங்களைக் கேட்பார்கள். கலிலேயாவில் குடியேறியவர்களின் வாசிப்பில் அரபு, துரூஸ், துருக்கி, கிரேக்க மெட்டுகள் மீண்டும் வந்து சேர்ந்தன. இந்த மெரோன் மரபை இசை ஆய்வாளர்களான ஆந்த்ரே ஹய்தும் யாக்கோவ் மசோரும் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள்; கிளாரினெட் கலைஞர் மூசா பெர்லின் அதைப் பல்லாண்டுகள் வாசித்துக் காத்தவர்.

சஃபேத்தில் இது புதிய வழக்கமும் அன்று. ‘யா ரிப்போன் ஓலம்’ பாடிய கவிஞர் இஸ்ரவேல் நஜாரா, துருக்கிய, அரபு, ஸ்பானியப் பாடல்களின் மெட்டுகளில் இறைத்துதிகளை இயற்றினார். அவருடைய தொகுப்பு 1587இல் இதே ஊரில் அச்சானது. அந்நிய மெட்டைப் புனிதத்துக்குள் கொண்டுவந்ததற்காக அவரைக் கண்டித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் ஹங்கேரியின் கலோவ் ரப்பி ஒரு மேய்ப்பனின் பாட்டை விலை கொடுத்து வாங்கித் தொழுகைக்கு உரியதாக்கினார் என்று யூத பக்தி இயக்கத்தினரான ஹசீதியர் சொல்லிவரும் கதையில் இருக்கும் துணிவே எனக்குப் பெரிதாகப் படுகிறது. எங்கோ அலையும் இசையையும் இறைவனிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்பது அவர்களுடைய பக்தியின் ஒரு கடமை.

மெரோனில் இரவு தீபம் ஏற்றப்பட்டபின், ஆண்களும் பெண்களும் தனித்தனி வளாகங்களில் நிற்க, அதே மெட்டுகள் நெடுநேரம் நீண்டன. மூன்று வயது நிரம்பிய ஆண் குழந்தைகளைத் தந்தையர் தோளில் தூக்கி ஆடினர். அவர்களுக்கு முதல் முடி வெட்டும் சடங்கும் அங்கேயே நடந்தது.