ஆன்டெனா இல்லாத ஒலிபரப்பு

மொபைல் டவர்தான் என் பிழைப்பு. ஒரு சிக்னலை வெளியே விட ஆசிலேட்டர், ஆம்ப்ளிஃபையர், கேபிள், ஆன்டெனா என்று எத்தனை சாமான் வேண்டும், எது எப்போது காலை வாரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனாலோ என்னவோ, இது எதுவுமே இல்லாமல் சூரியன் ரேடியோ அலை அனுப்புவதில் எனக்குத் தீராத ஈர்ப்பு.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஈ-கலிஸ்டோ படங்களைத் திறப்பேன். ஊட்டி உட்பட உலகெங்கும் இருக்கும் சிறு ரிசீவர்கள், சூரிய ரேடியோவைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாகப் பதிந்து, நேரம் ஒரு பக்கம், அதிர்வெண் ஒரு பக்கம் என்று படமாக்கி இணையத்தில் போடுகின்றன. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை நம் எஃப்எம் நிலையங்களின் பட்டை பல படங்களில் விடாமல் ஓடும். அதற்குக் குறுக்கே மெல்லிய கோடு விழுந்திருந்தால் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். கோடு சாய்ந்திருக்கும், 80-லிருந்து 40 மெகாஹெர்ட்ஸுக்கு இரண்டு மூன்று விநாடியில் சறுக்கியிருக்கும். அதுதான் டைப் 3 என்ற சூரிய ரேடியோ வெடிப்பு. ஆஸ்திரேலியாவில் பால் வைல்ட் 1950-ல் வகை பிரித்துப் போட்ட எண் இன்றும் அப்படியே நிற்கிறது.

ஏன் சறுக்குகிறது? எலக்ட்ரானும் அயனியுமாகப் பிரிந்து கிடக்கும் சூடான வாயுவான பிளாஸ்மாவுக்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. எலக்ட்ரான் அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கன சென்டிமீட்டருக்குப் பத்துக் கோடி எலக்ட்ரான் என்றால் சுமார் 90 மெகாஹெர்ட்ஸ். ஃபிளேர் என்ற சூரிய வெடிப்பில் முடுக்கப்பட்ட எலக்ட்ரான் கற்றை, ஒளிவேகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் வெளியே பாய்கிறது. மேலே போகப்போக சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனா மெலிகிறது, அதிர்வெண்ணும் இறங்குகிறது.

ஆனால் நமக்குக் கேட்பது கற்றையின் குரல் அல்ல. வேகமானவை முந்திக்கொள்வதால், ஓரிடத்தில் கொஞ்ச நேரத்துக்கு மெதுவான எலக்ட்ரான்களைவிட வேகமானவை அதிகமாகிவிடும். அந்த உபரி ஆற்றலை உறிஞ்சிக்கொண்டு லாங்மியூர் அலைகள், அதாவது பிளாஸ்மா எலக்ட்ரான்களின் அலைவுகள், வளர்கின்றன. இவற்றால் பிளாஸ்மாவை விட்டு வெளியேற முடியாது. பிளாஸ்மாவில் ஒலி போலப் பரவும் அயனி ஒலியலைகளோடு சேர்ந்தால் அதே அதிர்வெண்ணிலும், இரண்டு லாங்மியூர் அலைகள் மோதிச் சேர்ந்தால் இரட்டிப்பிலும் ரேடியோ அலை பிறக்கிறது. சோவியத் இயற்பியலாளர்கள் கின்ஸ்பர்க், ஜெலெஸ்னியாகோவ் இருவரும் 1958-லேயே இதன் அடிப்படையைச் சொல்லிவிட்டார்கள்.

சரி, இங்கேதான் சிக்கல். 1964-ல் இயற்பியலாளர் பீட்டர் ஸ்டரக் கணக்குப் போட்டார்: இவ்வளவு வேகமாக அலை வளர்ந்தால், கற்றை கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே ஆற்றலைத் தொலைத்துவிட வேண்டும். அதுவோ பூமி வரைக்கும் வருகிறது! இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. முன்னால் போனவை எழுப்பிய அலைகளைப் பின்னால் வரும் எலக்ட்ரான்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. அடர்த்தியின் மேடுபள்ளங்கள் அலையைக் கற்றையோடு ஒத்துப்போகவிடாமல் கலைக்கின்றன. எனக்கு இந்த இரண்டாவது விளக்கம்தான் அதிகம் பிடிக்கும். விண்கலங்கள் நேரில் அளந்த லாங்மியூர் அலைகளும் சீராக இல்லை, திட்டுத்திட்டாகத்தான் இருக்கின்றன.

கிளம்பி அரைமணி நேரம் போல ஆனதும் கற்றை நம் பக்கம் வந்துவிடும். அதற்குள் அதிர்வெண் சில பத்து கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கியிருக்கும். அயனிமண்டலம் அதைக் கீழே விடாது. அந்த மிச்சக் கோட்டுக்கு நாசாவின் விண்ட் விண்கலத்தின் படங்களைத் தனி டேபில் திறந்து வைத்துக்கொள்வேன்.