டெங்குவில் நாட்கணக்கு: திருகோணமலையில் ஒரு மாரியைக் கடப்பது

திருகோணமலைக்கு டெங்கு வாடைக்காற்றின் பின்னால் வரும். கொழும்புப் பக்கம் ஆனி, ஆடியில் காய்ச்சல் ஏறும். இங்கே ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டி ஓய்ந்த பிறகு, மார்கழி தொடங்கிப் பங்குனி வரை ஏறும். 2017 மார்ச்சில் திருகோணமலைக்குப் பக்கத்து ஊரான கிண்ணியாவைப் படுக்கையில் போட்டதும் அப்படி மழைக்குப் பின் வந்த அலைதான். அந்த வருடம் நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். மழை பெய்யும்போது வளவைச் சுற்றிப் பார்க்கிறவர்கள் வெயில் எறித்ததும் விட்டுவிடுகிறார்கள். தேங்கிய நீர் அசையாமல் நிற்பது அப்போதுதான்.

வீடு வீடாகப் பார்க்கப் போனால் வாசலிலேயே ஒரு பதில் காத்திருக்கும்: "எங்கட வளவு துப்புரவு, முன்னுக்கிருக்கிற கானைப் பாருங்கோ." கான் நாறட்டும், அது வேறு வழக்கு. அழுக்கு நீரில் பெருகுவது பெரும்பாலும் இரவில் காதுக்குள் இரைகிற கியூலெக்ஸ் நுளம்பு. டெங்குவைக் காவும் ஈடிஸ் தெளிந்த நீரைத் தேடும், பகலில் கடிக்கும், அதிலும் காலையிலும் பின்னேரத்திலும் கூடுதலாக. பிறந்த இடத்திலிருந்து நூறு, இருநூறு மீற்றருக்கு அப்பால் அது போவதும் குறைவு. மலேரியா ஒழிந்த நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்துவிட்டது. ஆனாலும் இரவில் மட்டும் வலை கட்டுவது, "புகை அடிக்க வரமாட்டினமோ" என்று கேட்பது என்ற அந்தக் காலத்துப் பழக்கங்கள் போகவில்லை. புகை, பறக்கிற நுளம்பை மட்டுமே கொல்லும். தொட்டிக்குள் நெளிகிற நுளம்புப் புழுவான குடம்பிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. மூன்று நாளில் அடுத்த கூட்டம் பறக்கும்.

முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். வாரத்துக்கு ஒரு முறை, குறித்த ஒரே நாளில், துப்புரவு செய்யுங்கள் என்று சொல்வது அதனால்தான். பத்து நாளைக்கு ஒருமுறை செய்கிற துப்புரவு நுளம்புக்குப் பின்னால் ஓடுவது.

அடிக்கடி பிழை விடுகிற இடம் சீமெந்துத் தொட்டி. நீரைத் திறந்து விட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். முட்டை நீரில் மிதப்பதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, திரும்ப நீர் நிரம்பியதும் பொரிக்கும். ஆகவே நீரை இறைத்துவிட்டு, தும்போ முரட்டுத் தூரிகையோ கொண்டு உட்சுவரை மேலிருந்து கீழாக அழுத்தித் தேய்த்து, கழுவிய நீரையும் வெளியே வெயிலில் மண்ணில் ஊற்றவேண்டும். பெரல், வாளி, பூச்சாடித் தட்டு, கோழிக்கு நீர் வைக்கும் சட்டி எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். பெரலை வலையால் மூடுகிறவர்கள் இழுத்துக் கட்டவேண்டும். தொய்ந்த பொலித்தீனில் மழைநீர் நின்று மூடியே தொட்டியாகிவிடும்.

குடம்பி இருக்கிறதா என்று பார்க்க டோர்ச்சும் வெள்ளைக் கரண்டியும் போதும். நிழல் விழுந்தாலோ நீர் ஆடினாலோ குடம்பி அடிக்குப் போய்விடும். இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் நின்று பிறகு அள்ளுங்கள். எட்டிப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று போகிறவர்களுக்குத் தப்புவது இப்படித்தான்.

கிணறு இங்கே தனிப் பிரச்சினை. பாவிக்காத கிணற்றுக்கு நுண்வலையோ மூடியோ போடவேண்டும். பாவிக்கிற கிணற்றில் குடம்பியைத் தின்னும் கப்பி மீனை விடலாம். குளோரின் போட்ட கையோடு விட்டால் மீன் செத்துப்போகும். குடம்பியைக் கொல்லும் அபேற் குறுமணியைக் கடையில் தேடாமல், எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் கேளுங்கள். ஒரு வீதக் குறுமணி என்றால் 10 லீற்றருக்கு 1 கிராம், அதாவது 1,000 லீற்றர் தொட்டிக்கு 100 கிராம். கூடப் போட்டால் கூட வேலை செய்யும் என்பதில்லை. தினமும் நிரப்பி இறைக்கிற தொட்டியில் மருந்து நிற்காது, அதற்குத் தேய்த்துக் கழுவுவதுதான் வழி.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் இன்னொரு சங்கதி. உல்லாசப் பயணக் காலம் முடிந்து விடுதிகள் பூட்டுகிற மாதங்களும் மாரியும் ஒன்றாக வருகின்றன. பூட்டிய அறையின் கொமட், அதன் மேல்தொட்டி, நீந்தும் தடாகம், குப்புறப் போடாத கயாக், மடித்து வைத்த தறப்பாளின் குழி. காவலாளி வாசலைத்தான் பார்ப்பார். சாவியை அவரிடம் கொடுத்து, வாரத்துக்கு ஒருமுறை எல்லாக் கொமட்டிலும் நீரடித்து மூடியைப் போடச் சொல்லுங்கள். மார்கழி விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பாடசாலைக் கழிவறைக்கும் இதே வேலைதான். கரையில் ஏற்றிவிட்ட தோணியின் அடியில் நிற்கும் உவர் நீரை யாரும் சந்தேகிப்பதில்லை. யாழ்ப்பாணக் கரையோரத்தில் நடந்த ஆய்வுகளில் ஈடிஸ் குடம்பிகள் உவர் நீரிலும் கிடைத்தன. அடைப்பைக் கழற்றி நீரை வடிய விடுங்கள். வீட்டுக்குள் பிரிட்ஜின் பின்தட்டையும் கூரைப் பீலியையும் மறக்கவேண்டாம்.

இவ்வளவுக்கும் மேல் காய்ச்சல் வந்தால் இன்னொரு நாட்கணக்குத் தொடங்குகிறது. காய்ச்சல் தொடங்கிய நேரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். "முந்தநாள் போல" என்றால் வைத்தியருக்குப் பயனில்லை. மூன்றாம் நாளில் முழு இரத்தப் பரிசோதனை. கர்ப்பிணி, கைக்குழந்தை, முதியவர், நீரிழிவு உள்ளவர் என்றால் முதல் நாளே வைத்தியரிடம் போகவேண்டும். இரத்தத்தில் டெங்கு வைரசின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனையில் ஒன்றும் வரவில்லை என்பதற்காக டெங்கு இல்லை என்று சொல்லமுடியாது. குருதிச் சிறுதட்டு (பிளேட்லெட்) 150,000க்குக் கீழ் வந்தால் தினமும் பரிசோதனை, 100,000க்குக் கீழ் வந்தால் வைத்தியசாலை. வெருகல், ஈச்சிலம்பற்று, புல்மோட்டை போன்ற தூர இடத்தவர்கள் அந்த எண் வரும்வரை வீட்டில் இருக்கவேண்டாம். இரவில் வாகனம் தேடுகிற நேரத்தில் கட்டம் தாண்டிவிடும்.

வீட்டில் இருக்கும் நாட்களில் காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும். 50 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். பிள்ளைகளுக்கு எடைக்கேற்ப வைத்தியர் சொன்ன அளவு. அஸ்பிரின், ஐபுபுரோபன், டைக்குளோபினக் கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டும். "உடனே காய்ச்சல் இறங்க" என்று பின்வழியாக வைக்கிற மருந்திலும் டைக்குளோபினக் இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். பெரியவருக்கு நாளுக்கு 2,500 மில்லிலீற்றர் திரவம், 50 கிலோவுக்குக் குறைந்த பெரியவருக்குக் கிலோவுக்கு 50 மில்லிலீற்றர். வெறும் தண்ணீர் மட்டும் போதாது. ஜீவனி (உப்பு, சீனிக் கரைசல்), கஞ்சி, இளநீர், உப்புப் போட்ட சூப், தோடம்பழச்சாறு என்று மாற்றிக் கொடுங்கள். சிவப்பு, மண்ணிறப் பானங்கள் வேண்டாம், வாந்தி எடுத்தால் இரத்தமா என்று குழம்பும். பப்பாசி இலைச்சாற்றை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் எங்களுக்குக் கோபம் வரும் இடம். குடித்த அளவையும் சிறுநீர் போன நேரத்தையும் அதே தாளில் எழுதுங்கள்.

காய்ச்சல் இறங்கியதும் வீடு மூச்சு விடுகிறது. பிள்ளை எழுந்து இருக்கும், பாட்டி சோறு குழைப்பா. ஆபத்தான நேரம் அதுதான். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் விடும்போது, சிலருக்கு இரத்தக் குழாயிலிருந்து திரவம் வெளியே கசியத் தொடங்கும். இந்தக் கட்டம் 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். வயிற்று வலி, நிற்காத வாந்தி, குளிர்ந்த கை கால், தூங்கி விழுதல் அல்லது பதற்றம், முரசிலோ மூக்கிலோ இரத்தம், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை: இவற்றில் ஒன்று போதும், இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் கிளம்ப. வார்ட்டில் சிறுதட்டை விட, இரத்தத்தில் செங்கலங்களின் பங்கைக் காட்டும் பி.சி.வி. எண்ணைக் கவனியுங்கள். அது ஐந்தில் ஒரு பங்கு ஏறினால் கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவு முடிந்து சிறுநீர் தாராளமாகப் போகும்போது, "குடி குடி" என்று ஊற்றுவதும் தவறு. வெளியே போன திரவம் தானே திரும்பி வரும், கூடினால் நுரையீரலுக்குள் நீர் சேரும்.

நோயாளியைப் பகலிலும் வலைக்குள் வையுங்கள். காய்ச்சலின் முதல் ஐந்து நாளில் அவரைக் கடித்த நுளம்பு எட்டு முதல் பன்னிரண்டு நாளில் அடுத்தவருக்குக் கொடுக்கத் தயாராகிவிடும். டெங்குவில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்தவருக்கு இன்னொரு வகை வந்தால் இன்னும் கடுமையாகலாம். ஆகவே பீ.எச்.ஐக்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு) அன்றைக்கே அறிவித்து, சுற்றியுள்ள வீடுகளின் தொட்டிகளை அடுத்த இரண்டு கிழமைக்கும் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறக்க மறுத்தால், 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருக்கத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதைப் பீ.எச்.ஐ. பார்த்துக்கொள்வார், நீங்கள் மதிலுக்கு மேலால் சண்டை பிடிக்கத் தேவையில்லை.