போட்டித் தேர்வுக்கு உலகச் சமயங்கள்: நான் படித்த விதம்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் யாருடைய நோட்டைப் புரட்டினாலும் சமயங்கள் பகுதியில் ஓர் அட்டவணை இருக்கும். தோற்றுவித்தவர், பிறந்த இடம், புனித நூல், சின்னம், ஆண்டு. பொருத்துக வகை வினாவுக்கு அது போதும். விரிவாக எழுதும் முதன்மைத் தேர்வில் இரண்டு வரியிலேயே அது தீர்ந்துவிடும். ஒரு சமயம் பிறந்த ஊரில் தேய்ந்துபோய் மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஏன் தழைத்தது என்று கேட்டால் அட்டவணையில் எந்தக் கட்டத்தைப் பார்ப்பது?

அதனால் ஒவ்வொரு சமயத்துக்கும் மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு படித்தேன். யார் சுமந்து போனார்கள்? எந்த மொழியில் சொன்னார்கள்? செலவு செய்தது யார்? கடைசிக் கேள்வி கொஞ்சம் மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் விடைத்தாளில் அதிகம் கைகொடுப்பது அதுதான்.

பௌத்தத்திலிருந்து தொடங்குங்கள். சான்றுகள் ஏராளம், கல்வெட்டாகவே கண்முன் நிற்கின்றன. இதை ஒழுங்காகப் படித்துவிட்டால் மற்றவற்றை எப்படி அணுகுவது என்பது தானாக வந்துவிடும். பௌத்தம் பரவியதற்குக் காரணம் கேட்டால் எல்லோரும் "எளிய மொழி, எளிய கொள்கை, அரசர் ஆதரவு, துறவியர் சங்கம்" என்று எழுதுவார்கள். தப்பில்லை. ஆனால் திருத்துபவர் அன்றைக்கு அதே வரியை நூறு தாளில் பார்த்திருப்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று சேருங்கள். எளிய மொழியா? அசோகரின் கல்வெட்டுகள் பெரும்பாலும் பிராகிருதத்தில் இருக்கின்றன. காந்தகாரில் 1958இல் கிடைத்த கல்வெட்டு மட்டும் கிரேக்கத்திலும் அரமேயத்திலும் இருக்கிறது. அங்கே வாழ்ந்தவர்களுக்குப் புரிந்த மொழிகள் அவை. அரசர் ஆதரவா? புத்தர் பிறந்த ஊர் என்பதால் லும்பினிக்கு வரியைக் குறைத்து, விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு தந்தால் போதும் என்று அசோகர் அங்கே தூணில் பொறித்திருக்கிறார். இப்படி ஒரு வரி இருந்தால் விடை தனித்துத் தெரியும்.

அசோகரின் பெரும்பாறைக் கல்வெட்டுகளில் இரண்டாவதையும் பதின்மூன்றாவதையும் வரிக்கு வரி படிக்கச் சொல்வேன். இரண்டாவதில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி எனப்படும் இலங்கை வரை வருகிறது. மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ வசதி செய்ததைச் சொல்கிறது. பதின்மூன்றாவது கலிங்கப் போரின் வருத்தத்தைச் சொல்லிவிட்டு, சிரியாவின் அந்தியோகஸ், எகிப்தின் தாலமி முதலிய ஐந்து கிரேக்க அரசர்களின் பெயரைத் தருகிறது. தமிழக வரலாறு, உலக வரலாறு, சமயம் என மூன்று பாடங்களுக்கு இந்த இரண்டு கல்வெட்டுகளே தீனி போடும்.

செலவு செய்தது யார் என்ற கேள்விக்கு அரசர்களோடு நின்றுவிடாதீர்கள். சாஞ்சியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கார்லே குகைகளிலும் கொடையாளர் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. வணிகர், கைவினைஞர், துறவிகள், கார்லேயில் யவனர்கள்கூட. துறவி உழுவதில்லை, விற்பதில்லை. பிச்சைப் பாத்திரத்தில் சோறு விழ வேண்டுமானால் அருகில் செழிப்பான ஊர் வேண்டும். துறைமுகத்திலிருந்து தக்காணத்துக்குச் சரக்கு ஏறிய கணவாய்களை ஒட்டியே அந்தக் குகைகள் இருப்பது தற்செயல் இல்லை. இதைப் பிடித்துக்கொண்டால் இந்தியாவில் பௌத்தம் தேய்ந்த கதையும் பாதி விளங்கும்: வணிகரின் கொடை சுருங்கியது, பெரிய விகாரங்கள் (துறவியர் மடங்கள்) நிலமானியத்தையும் அரசரையும் நம்பத் தொடங்கின, கிழக்கே பால வம்ச அரசர்கள் தாங்கிப் பிடித்தார்கள், அவர்களும் போனபின் நாளந்தா போன்ற இடங்கள் தாக்கப்பட்டபோது தூக்கி நிறுத்த ஆளில்லை. படையெடுப்பு ஒன்றையே காரணமாக எழுதுபவர்களுக்கு இந்த இடத்தில் மதிப்பெண் குறையும் என்பது என் கருத்து.

பௌத்த மாநாடுகளில் ஒரு சிக்கல் உண்டு. ராஜகிருகம், வைசாலி, பாடலிபுத்திரம் என்று மூன்று வரை தகராறு இல்லை. நான்காவது, கனிஷ்கர் காலத்தில் காஷ்மீரில் நடந்தது என்றே நம் புத்தகங்கள் சொல்கின்றன. இலங்கை, பர்மா தேரவாத மரபிலோ நான்காவது மாநாடு என்பது பொ.ஆ.மு. முதல் நூற்றாண்டில் இலங்கையில் கூடியது. அதுவரை வாய்வழியாக வந்த பாலி நூல்கள் அலுவிகாரையில் ஓலையில் எழுதப்பட்ட நிகழ்வு. கொள்குறி வினாவில் காஷ்மீரைத் தேர்ந்தெடுங்கள். விரிவான விடையில் இரண்டையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ஆசிய வரைபடம் ஒன்றை எடுத்து இரண்டு கோடு போடுங்கள். நிலவழி: தட்சசீலம், பாமியான், கோட்டான் (இன்றைய மேற்குச் சீனத்து ஊர்), துன்ஹுவாங், சாங்கான் (இன்றைய சியான்). 401இல் பௌத்தத் துறவி குமாரஜீவர் சாங்கானுக்கு வந்து சமஸ்கிருத நூல்களைச் சீன மொழியில் பெயர்த்ததும், 629இல் இந்தியாவுக்குக் கிளம்பி 645இல் சீனத் துறவி யுவான் சுவாங் திரும்பியதும் இந்தக் கோட்டில் உட்காரும். சீனத்திலிருந்து 372இல் கொரியாவுக்கு, ஆறாம் நூற்றாண்டில் கொரியாவிலிருந்து ஜப்பானுக்கு. கடல்வழி: நாகப்பட்டினம், இலங்கை, சுமத்திராவின் பாலம்பாங், ஜாவாவின் போரோபுதூர். 671இல் கடல்வழியாகக் கிளம்பிய சீனத் துறவி இத்சிங், இந்தியாவுக்கு வருமுன் சுமத்திராவின் ஸ்ரீவிஜய அரசில் தங்கி சமஸ்கிருத இலக்கணம் படித்தார். ஸ்ரீவிஜய மன்னன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்ப, சைவனான முதலாம் ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்தான். அந்தச் செப்பேடு நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போனதால் லெய்டன் செப்பேடு என்று பெயர். சோழர் பாடத்திலும் இது வரும், விட்டுவிடாதீர்கள்.

இந்த வரைபடத்தைக் கிழித்துப் போடாமல் அதன்மேலேயே இஸ்லாத்தையும் வரையுங்கள். 622 ஹிஜ்ரத் (நபிகள் மெக்காவிலிருந்து மதீனாவுக்குப் போனது), 632 நபிகள் நாயகம் மறைவு, 661 உமையாக்கள் ஆட்சி, 680 கர்பலா போர், 711 ஸ்பெயின், 712 சிந்து, 750 அப்பாசியர்கள் ஆட்சி. படைகள் நடந்த வழி இவ்வளவில் அடங்கும். ஆனால் இன்றைக்கு உலகில் முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் நாடுகளின் வரிசையில் முன்னணியில் நிற்கும் இந்தோனேசியாவுக்கு எந்த அரபுப் படையும் போகவில்லை. 1292 வாக்கில் சுமத்திராவில் தங்கிய மார்க்கோ போலோ, பெர்லாக் நகரத்து மக்கள் வணிகர்களின் தொடர்பால் இஸ்லாத்தைத் தழுவியிருந்ததாக எழுதுகிறார். பதினைந்தாம் நூற்றாண்டில் மலாக்கா எழுந்தது, துறைமுகம் துறைமுகமாகப் பரவியது. இத்சிங் போன அதே கடல், அதே பருவக்காற்று. "வாளால் பரவியதா, வணிகத்தால் பரவியதா" என்று பட்டிமன்றம் மாதிரி கேள்வி வந்தால் இடத்தைக் கேட்டுப் பதில் சொல்லுங்கள். சிந்துவுக்கும் சுமத்திராவுக்கும் ஒரே பதில் கிடையாது.

கிறித்தவத்தில் பலர் சறுக்கும் இடம் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன். 313இல் மிலன் ஆணை கிறித்தவத்துக்கு வழிபாட்டுச் சுதந்திரம் கொடுத்தது, அவ்வளவுதான். 325இல் நைசியா மாநாடு. ரோமின் அரசுச் சமயமாக்கியது 380இல் தியோடோசியஸ். நான்கு விடைகளில் இவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள், நிதானமாகப் பாருங்கள். நம் மூன்று கேள்விகளும் இங்கேயும் பொருந்தும்: பவுல் ரோமச் சாலைகளிலும் கப்பல்களிலும் சுற்றினார், எழுதியது கிழக்கு மத்தியதரைக்கடல் முழுக்கப் புழங்கிய கிரேக்கம், தங்கிப் பேசியது பல நகரங்களில் இருந்த யூதத் தொழுகைக் கூடங்களில். கிழக்கே போன கிளையை யாரும் கண்டுகொள்வதில்லை. பாரசீகம் வழியாக அது 635இல் சீனத் தலைநகரை எட்டியதை 781ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. போன ஊர் எது தெரியுமா? குமாரஜீவர் இருந்த அதே சாங்கான். கேரளக் கரைக்கு 52இல் புனித தோமா வந்தார் என்பதை "மரபுப்படி" என்ற சொல்லோடு எழுதுங்கள். புத்தரின் முற்பிறவிக் கதைக்கும் சந்திரகுப்த மௌரியர் சிரவணபெலகொளாவில் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார் என்பதற்கும் இதே அளவுகோல்தான். சொந்தச் சமயத்துக்கு மட்டும் அந்தச் சொல்லை மறந்துவிடுவது மனித இயல்பு, திருத்துபவர் கவனித்துவிடுவார்.

யூதமும் ஜொராஸ்டிரியமும் ஆளைச் சேர்த்துப் பரவியதைவிட ஆட்கள் இடம்பெயர்ந்து பரவியதே அதிகம். பாபிலோன் சிறையிருப்பு, 70இல் ஜெருசலேம் ஆலயத்தின் அழிவு, கொச்சி யூதர்கள். அந்தப் பக்கம் சசானியப் பேரரசின் வீழ்ச்சி, குஜராத் பார்சிகள். ஆளுக்கு ஒரு பக்கம் போதும்.

கொள்கைகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்தால் குழம்பும். ஜோடி ஜோடியாக மோதவிட்டுப் படியுங்கள். சமணமும் பௌத்தமும் வேதத்தின் அதிகாரத்தை ஏற்பதில்லை, இரண்டும் வினைப்பயனையும் மறுபிறப்பையும் ஏற்கின்றன. ஆனால் சமணத்தில் ஒவ்வொரு உயிருக்கும் ஆன்மா உண்டு, வினை அதன்மேல் தூசுபோலப் படிகிறது, தவத்தால் உதிர்க்க வேண்டும். பௌத்தத்தில் நிலையான ஆன்மாவே இல்லை, ஆசை அற்றால் துன்பம் அறும், கடுந்தவம் தேவையில்லை, நடுவழி போதும். யூதம், கிறித்தவம், இஸ்லாம் மூன்றும் ஆபிரகாமை முன்னோராகக் கொள்பவை. இயேசு யார் என்ற ஒரே கேள்வியை மூன்றிடமும் கேட்டாலே வேறுபாடு துலங்கும். கிறித்தவத்தில் அவர் இறைமகன், இஸ்லாத்தில் ஈசா நபி, யூதத்தில் அவர் மெசியா அல்லர்.

ஆறாம், ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகங்களை முதலில் முடித்துவிட்டுப் பெரிய நூல்களுக்குப் போங்கள். கடைசி வாரத்தில் புதிதாக எதையும் திறக்க வேண்டாம். ஒரு வெற்று வரைபடத்தில் பார்க்காமல் அந்த இரண்டு கோடுகளையும் போட்டு, ஊர்ப்பெயர் எழுதி, ஒவ்வொரு ஊருக்கும் ஓர் ஆண்டு குறியுங்கள். எந்த ஊரில் பேனா நிற்கிறதோ அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பப் படித்தால் போதும். பெரும்பாலும் அது கோட்டானாகத்தான் இருக்கும்.