40-ஆம் நம்பருக்கு மாற்றிப் பார்த்தபோது

உடுமலைப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை செய்கிறேன். அதில் இரண்டு பிரிவு: ஏ மில்லில் 40-ஆம் நம்பர் நூல், பி மில்லில் 60. நம்பர் கூடினால் நூல் மெல்லியது என்று அர்த்தம். மாதக் கூட்டத்தில் பி மில் சூப்பர்வைசர்தான் எப்போதும் திட்டு வாங்குவார். 40-ல் ஒரு ஸ்பிண்டில் (நூல் முறுக்கிச் சுற்றும் கதிர்) 8 மணி நேரத்தில் 110 கிராமுக்கு மேல் தருகிறது, உங்கள் ஆட்கள் 70-க்கே திணறுகிறார்களே என்று. நூல் மெலிந்தால் முறுக்கு கூடும், எடை குறையத்தான் செய்யும். அது தெரிந்தவர்கள்கூட, பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எண்ணைப் பார்த்தால் ஒப்பிட்டுவிடுகிறார்கள்.

கோவையில் 1956-லிருந்து இருக்கும் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம், மில்களின் கணக்கை வாங்கி ஒப்பிட்டுத் தருகிறது. அதில் சேர்ந்தோம். 100 கிலோ நூலுக்கு எத்தனை ஆள்மணி என்பது எச்.ஓ.கே.; கிலோவுக்கு எத்தனை யூனிட் கரண்ட் என்பது யு.கே.ஜி. இரண்டுமே குறைந்தால்தான் நல்லது. எல்லாவற்றையும் 40-ஆம் நம்பருக்கு மாற்றித்தான், அதாவது எல்லாரும் 40-ஆம் நம்பர் நூலே நூற்றதுபோலக் கணக்கிட்டுத்தான், பார்க்க வேண்டும்.

ஆள் கணக்கை டைம் ஆபீஸ் பதிவேட்டிலிருந்து எடுத்தேன். எச்.ஓ.கே. நம்ப முடியாத அளவுக்கு நன்றாக வந்தது. சந்தேகப்பட்டு, இரவு ஷிப்டில் நின்று தலைகளை எண்ணினேன். டாஃபிங் செய்கிற (நூல் நிறைந்த குழல்களைக் கழற்றுகிற) பையன்கள், கழிவுப்பஞ்சு அள்ளுகிற அம்மாக்கள் யாருமே பதிவேட்டில் இல்லை; அவர்கள் காண்ட்ராக்டரின் நோட்டில் இருந்தார்கள். சேர்த்ததும் எண் ஏறிவிட்டது. முதலாளியிடம் காட்டத் தயக்கமாக இருந்தது, ஆனாலும் அதைத்தான் அனுப்பினோம். வேலை செய்தவர்களை விட்டுவிட்டு எழுதுகிற கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம் மாற்றிய எண்கள் வந்தன. பி மில் மற்ற மில்களுக்குச் சமமாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஏ மில்லில்தான் கரண்ட் அதிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மில் நின்றிருந்தபோது கம்ப்ரஸரை மட்டும் ஓட்டிப் பார்த்தோம். காற்றை எடுக்க ஒரு மெஷினும் ஓடவில்லை, அது மட்டும் விட்டுவிட்டு லோடு எடுத்துக்கொண்டே இருந்தது. காற்று எங்கோ கசிகிறது என்று புரிந்தது. ஆட்டோகோனர் (நூலைக் கோனில் சுற்றும் மெஷின்) வரிசையில் சோப்புத் தண்ணீரோடு நடந்தோம். மூன்றாவது மெஷினுக்குப் பின்னால், ஓஸ் மாட்டும் இடத்தில் நுரை கொப்பளித்தது. மெஷின்கள் ஓடுகிற சத்தத்தில் அந்த 'உஸ்' எத்தனை மாதமாகக் கேட்காமல் போனதோ! பதினேழு இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டோம்.

இப்போது பலகையில் மாற்றிய எண் மட்டும்தான். அடுத்த ஞாயிறு ஈரப்பத பிளான்ட் ஃபேன்களைப் பார்க்கப் போகிறோம். பி மில் சூப்பர்வைசரும் கூட வருகிறேன் என்றிருக்கிறார்.