931 ஜிபி என்று கண்ணெதிரே எழுதியிருந்தது

பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். அதற்காக 32 ஜிபி பென் டிரைவை ஃபார்மட் செய்ய வேண்டும். பக்கத்திலேயே 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கும் செருகியிருந்தது. ஃபார்மட் பெட்டியில் 931 ஜிபி (1 டிபி டிஸ்க்கை விண்டோஸ் அப்படித்தான் காட்டும்) என்று கண்ணெதிரே எழுதியிருந்தது. எச்சரிக்கையும் வந்தது. எதையும் படிக்காமல் ஓகே அழுத்தினேன். சில நொடிகளில் முடிந்தது. பென் டிரைவைத் திறந்தால் பழைய பாடல்கள் அப்படியே இருக்கின்றன! அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது.

பன்னிரண்டு வருடப் படங்கள். தங்கை கல்யாணம், அப்பா இருந்த காலத்துப் பொங்கல் எல்லாம் அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான்.

நான் செய்த ஒரே நல்ல காரியம், உடனே டிஸ்க்கைக் கழற்றியது. நடந்தது குவிக் ஃபார்மட், கோப்புகளின் பட்டியலை மட்டும் அழிப்பது. பதிவேட்டில் பெயரை அழித்தால் வயல் காணாமல் போகாது. வேறு யாராவது அதில் வீடு கட்டாத வரை. ஃபார்மட் பெட்டியில் ‘குவிக்’ என்ற டிக்கை எடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். விஸ்டா முதல் வந்த விண்டோஸில் முழு ஃபார்மட் டிஸ்க் முழுக்கப் பூஜ்ஜியம் எழுதிவிடும். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டியாக இருந்தாலும், காலி இடத்தைத் துடைக்கச் சொல்லும் டிரிம் கட்டளை பெரும்பாலும் துடைத்திருக்கும். என்னுடையது சுழலும் டிஸ்க், தப்பித்தேன்.

மச்சானிடம் 2 டிபி டிஸ்க் ஒன்றை இரவல் வாங்கினேன். எந்த லினக்ஸால் இந்த வினை வந்ததோ அதையே பென் டிரைவிலிருந்து ஓடவிட்டு, டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருள் மூலம் முழு டிஸ்க்கையும் ஒரே இமேஜ் கோப்பாக நகலெடுத்தேன். பழைய யுஎஸ்பி 2 போர்ட், ஒரு நாளுக்கு மேல் ஓடியது. அதன்பிறகு மூல டிஸ்க்கைத் தொடவே இல்லை.

அப்புறம் ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள். இலவசம்தான். எந்தக் கோப்பு எங்கே என்று குறித்துவைக்கும் ஃபைல் சிஸ்டத்தைக் கண்டுகொள்ளாமல், ஒவ்வொரு வகைக் கோப்பும் தொடங்கும் அடையாளத்தைத் தேடி எடுக்கும். அதனால் படம் வரும், பெயர் வராது. மறுநாள் பார்த்தால் ஃபோல்டருக்கு 500 கோப்பு வீதம் நூற்றுக்கும் மேற்பட்ட ஃபோல்டர்கள். எல்லாப் படத்துக்கும் எஃப் என்ற எழுத்தும் ஒரு நீளமான எண்ணும்தான் பெயர்.

மீட்டது பெரிய வேலை இல்லை, இதைப் பிரித்ததுதான். கேமரா படங்களில் எடுத்த தேதி உள்ளேயே இருப்பதால் அதைப் படிக்கும் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் வருடவாரியாக அடுக்கிவிட்டது. வாட்ஸ்அப்பில் வந்தவற்றில் அந்தத் தேதி இல்லை. கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது: அந்த எண் சும்மா போட்டதல்ல, கோப்பு டிஸ்க்கில் இருந்த இடம். ஒரே நேரத்தில் நகலெடுத்தவை பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து எண்ணில் இருந்தன. எண் வரிசையில் வைத்ததும் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

கல்யாண வீடியோ மட்டும் போனது போனதுதான். பெரிய கோப்பு டிஸ்க்கில் துண்டு துண்டாகக் கிடந்தால் ஃபோட்டோரெக்கால் ஒட்டவைப்பது கஷ்டம். மாப்பிள்ளை அழைப்பு ஓடுகிறது, தாலி கட்டும் நேரத்தில் நின்றுவிடுகிறது. நல்லவேளை, தங்கையின் மாமியார் பீரோவில் டிவிடி இருந்தது.

மிச்சத்துக்கு அம்மாதான். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, புடவையை வைத்தே எந்த விசேஷம் என்று சொல்லிவிடுவார். அம்மாவுக்கே பிடிபடாத ஒரு வளைகாப்புப் படங்கள் மட்டும் தனி ஃபோல்டரில் கிடக்கின்றன. அடுத்த வாரம் அத்தை வருகிறார், அவரிடம் காட்ட வேண்டும்.