மூன்றாவது பஞ்சுக்குச்சி

நோர்வேக்கு வந்து நான்காவது வருடம்தான் முதன்முறையாக ஊருக்குப் போக முடிந்தது. தைமாதம், தம்பியின் கலியாணம். அதற்கு இரண்டு நாள் முன்பு, அவனுடைய மோட்டார் சைக்கிளில் இருந்து இறங்கும்போது சைலன்சர் என் கெண்டைக்காலில் பட்டுச் சுட்டுவிட்டது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பாதிப் பேரின் காலில் அந்தத் தழும்பு இருக்கும். ஆஸ்பத்திரியில் மருந்து கட்டினார்கள். காய்ச்சலும் வந்ததால் இரண்டு இரவு வார்ட்டில் வைத்திருந்து விட்டார்கள். காலில் கட்டோடுதான் கலியாணப் படங்களில் நிற்கிறேன்.

மாசியில் ஒஸ்லோ திரும்பியபோது சுட்ட காயம் காய்ந்துவிட்டது. ஆனால் அதே காலின் தொடையில், உள்பக்கமாக, ஒரு சின்னக் கட்டி. அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன்.

"பிள்ளை, அது சூட்டுக்கட்டி. இவ்வளவு நேரம் பிளேனில இருந்த சூடு. நல்லெண்ணெய் வைச்சு முழுகு, சரியாப் போகும்."

வெளியே மைனஸ் பன்னிரண்டு. நான் எண்ணெய் வைத்து முழுகினேன். மூன்றாம் நாள் கட்டி தேசிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. நடந்தால் தொடை உரசி உயிர் போகிற வலி. குடும்ப வைத்தியர் பார்த்துவிட்டு, பென்சிலின் குடும்பத்து மாத்திரை எழுதித் தந்தார். அதுவே எனக்கு ஆச்சரியம். இங்கே எதற்குப் போனாலும் "பரசெட் (பரசிட்டமோல் மாத்திரை) போடு, தண்ணி குடி, பொறுத்துப் பார்" என்றுதான் அனுப்புவார்கள் என்பது நம் ஆட்கள் எல்லோரும் சொல்லும் குறை. அன்டிபயோட்டிக் கிடைத்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்தேன்.

மாத்திரை வேலை செய்யவில்லை. நான்காம் நாள் கட்டியைச் சுற்றிச் சிவப்புப் படரத் தொடங்கியது. என் கணவர் நீலப் பேனையால் சிவப்பின் விளிம்பில் கோடு கீறிவிட்டு, நேரத்தையும் பக்கத்தில் எழுதினார். இரவு பத்து மணிக்குப் பார்த்தால் சிவப்பு கோட்டைத் தாண்டி இரண்டு விரல் அகலம் போயிருந்தது. 116117-க்கு அடித்துக் கேட்டுவிட்டு, லேகவக்ட் என்கிற அவசர மருத்துவ நிலையத்துக்குப் போனோம்.

போகும் வழியிலேயே என் பொறுப்பாளருக்கும் நாளை வேலைக்கு வர ஏலாது என்று சொல்ல அழைத்தேன். நான் வேலை செய்வது முதியோர் பராமரிப்பு இல்லத்தில், உதவியாளராக. அவர் கேட்ட முதல் கேள்வி: "ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போனாயா?"

அதுவரை என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் குடும்ப வைத்தியரிடம் சொல்லவில்லை. சைலன்சர் சூட்டுக்கும் தொடைக் கட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துவிட்டேன். இதைப் படிக்கும் ஒருவராவது அந்தத் தவறைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் படுத்திருந்தால், இரண்டு இரவு என்றாலும், வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

லேகவக்டில் சொன்னேன். இளம் பெண் வைத்தியர், உடனே இரண்டாவது கையுறையையும் மேலங்கியையும் போட்டுக்கொண்டார். மரக்க ஊசி போட்டுக் கட்டியைக் கீறினார். வந்த சீழில் ஒரு பஞ்சுக்குச்சியைத் தோய்த்துக் குழாயில் போட்டு மூடினார். பிறகு குழிக்குள் நாடா மாதிரி நீளத் துணியைத் திணித்து, நுனியை வெளியே விட்டுக் கட்டினார். மரத்திருந்தாலும் துணி உள்ளே போவது தெரிந்தது.

சில நாளில் தொலைபேசி வந்தது. எம்ஆர்எஸ்ஏ: மெதிசிலின் என்ற மருந்துக்கும் அடங்காத ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ்.

ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் என்கிற கிருமி நம்மில் மூன்றில் ஒருவர் அளவுக்கு மூக்கில் சும்மா குடியிருப்பதுதான். நுண்ணோக்கியில் திராட்சைக் குலை போலத் தெரியும் என்பதால் அந்தப் பெயர். நோர்வேஜிய மொழியில் "மஞ்சள் ஸ்டபிலோகொக்கஸ்" என்பார்கள். பென்சிலினுக்கு அடங்காத அந்தக் கிருமியை அடக்க 1959-இல் மெதிசிலின் என்ற மருந்து வந்தது. இரண்டே வருடத்தில், 1961-இல், அதற்கும் அடங்காத கிருமி இங்கிலாந்தில் கிடைத்ததாக எழுதிவிட்டார்கள். பென்சிலின் குடும்பத்து மருந்துகள் கிருமி தன் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் புரதத்தைப் பிடித்துத்தான் அதைக் கொல்கின்றன. இந்த வகைக் கிருமி வேறொரு புரதத்தை வைத்துச் சுவரைக் கட்டிக்கொள்கிறது. மருந்து பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. நான் விழுங்கியதெல்லாம் வீண் போனதன் காரணம் அதுதான். வேறு குடும்பத்து மாத்திரை, சல்ஃபாவும் ட்ரைமெத்தோப்ரிமும் சேர்ந்தது, தந்தார்கள். அது கேட்டது. ஆனால் மாத்திரையைவிடப் பெரிய வேலையைச் செய்தது அந்தக் கீறல்தான் என்று வைத்தியர் சொன்னார். சீழ் உள்ளே இருக்கும்வரை எந்த மருந்தும் சரியாகப் போய்ச் சேராதாம்.

தினமும் இவர்தான் கட்டு மாற்றினார். குளியலறைக் கதிரையில் நான் இருக்க, இவர் கையுறை போட்டு முழங்காலில் நின்று பழைய துணியை உருவுவார். முதல் நாள் உருவிய துணி என் உள்ளங்கை நீளம். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறைந்து, கடைசியில் விரல் நுனியளவு. புண் அடியில் இருந்து மூட வேண்டும், மேலே முதலில் மூடினால் மறுபடி சீழ் கட்டும் என்றார்கள். மூன்று வாரத்தில் மூடியது.

புண் ஆறினால் வேலைக்குப் போகலாம் என்று நினைத்திருந்தேன். இல்லை. நோர்வேயில் 1996 முதல் இதற்கென்று ஒரு விதி இருக்கிறது. கடந்த 12 மாதத்துக்குள் நோர்டிக் நாடுகளுக்கு வெளியே ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள், நோயாளிகளோடு வேலை செய்யத் தொடங்குமுன் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கிருமி இருந்தால், அது போகும்வரை அந்த வேலை இல்லை. மூக்கு, தொண்டை, தொடையிடுக்கு எல்லாவற்றிலும் எனக்கு இருந்தது. இவருக்கு இல்லை. மூன்று வயது மகளின் மூக்கில் இருந்தது.

அன்றிரவுதான் அழுதேன்.

எங்கள் வீட்டில் ஒருவர் இறந்தால் துடக்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை கோயிலுக்குப் போகக் கூடாது, மற்றவர்களும் ஒதுங்கி நிற்பார்கள். எனக்கு இது அப்படித்தான் பட்டது, நாள் கணக்குத் தெரியாத துடக்காக. தாதி என்னோடு பொறுமையாகக் கதைத்தார். கோயிலுக்குப் போ, கலியாணத்துக்குப் போ, பிள்ளையைப் பாலர் பள்ளிக்கு அனுப்பு, கட்டிப்பிடி, கையை மட்டும் கழுவு. ஆஸ்பத்திரிக்கோ பல் வைத்தியரிடமோ போனால் மட்டும் முன்கூட்டியே சொல் என்றார். சுகமாக இருக்கும் ஆளுக்கு இந்தக் கிருமி பெரிதாக ஒன்றும் செய்யாது, நீ குளிப்பாட்டும் தொண்ணூறு வயது மனிதருக்குத்தான் செய்யும் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வசனத்தில் எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. என் பகுதியில் உள்ள ஒரு அம்மாவின் முதுகுத் தோல் கடுதாசி மாதிரி. தொட்டால் கிழியும். அவவை நினைத்தேன்.

ஆனால் தாதி சொன்னது நம் ஆட்களுக்குப் போய்ச் சேரவில்லை. வாராவாரம் வீட்டுக்கு வரும் ஒருவர், "பிள்ளையள் இருக்கிற வீடு, குறை நினைக்காதையும்" என்று வருவதை நிறுத்தினார். குறைதான் நினைத்தேன். இன்றும் நினைக்கிறேன்.

கிருமியை விரட்டும் வேலை ஐந்து நாள். நாளுக்கு மூன்று தரம் இரண்டு மூக்குத் துவாரத்திலும் முப்பிரோசின் களிம்பு. தினமும் குளோர்ஹெக்சிடின் கரைசலால் தலை முதல் கால்வரை கழுவல். வாய்க்கென்றே உள்ள குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்தால் தொண்டையும் கொப்பளிக்க வேண்டும். தினமும் புதுத் துவாய், புது உடுப்பு, புதுப் படுக்கை விரிப்பு. கழற்றியதெல்லாம் அறுபது பாகை சுடுதண்ணீரில். பல்துலக்கி, சீப்பு, விரல் விட்டு எடுக்கும் தேங்காயெண்ணெய்ப் போத்தல், கண்மை எல்லாம் குப்பைக்கு. பிறகு தாதி என் கழுத்தைப் பார்த்து, நகைகளையும் கழற்றச் சொன்னார்.

தாலிக்கொடியை ஆறு வருடத்தில் ஒருநாளும் கழற்றியதில்லை. இவரே கொளுவியைத் திறந்து கழற்றி, ஒவ்வொரு முகப்பையும் ஸ்பிரிட்டால் துடைத்து, பிள்ளையார் படத்துக்கு முன்னால் ஒரு சின்னத் தட்டில் வைத்தார். "அது அங்கையும் தாலிதான்," என்றார். அம்மாவுக்கு இன்றுவரை இதைச் சொல்லவில்லை.

எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கும் அறை நிலக்கீழே, எல்லாருக்கும் பொது. வாரத்துக்கு ஒரு முறைதான் நமக்கு. மேல்மாடிச் சோமாலியப் பெண் நான் மூட்டையோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, பலகையில் தன் பெயரை அழித்து என் வீட்டு இலக்கத்தை எழுதினார். ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த நாளும் அப்படியே செய்தார்.

இரண்டு வாரம் கழித்து முதல் மாதிரி: இல்லை. அடுத்த வாரம் இரண்டாவது: தொண்டையில் மறுபடியும். தொண்டையில் தங்கினால் கிளப்புவது கஷ்டம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். எல்லாம் முதலில் இருந்து, இம்முறை தொற்றுநோய் வைத்தியர் தந்த மாத்திரையும் சேர்த்து. குளோர்ஹெக்சிடினும் குளிரும் சேர்ந்து மகளின் முழங்கை மடிப்பெல்லாம் வெடித்தது. சம்பளம் நிற்கவில்லை, தொற்றால் வேலை தடைப்பட்டவருக்கும் நோய்விடுப்புப் பணம் உண்டு. அது இல்லாவிட்டால் எத்தனை பேர் மறைப்பார்கள் என்று அந்த நாட்களில் அடிக்கடி யோசித்தேன்.

ஊர் வீட்டு அலுமாரியில் பாதி முடிந்த அமொக்சிசிலின் பட்டை ஒன்று எப்போதும் கிடக்கும். தடிமனுக்கு இரண்டு, பல்வலிக்கு இரண்டு. நானும் அப்படி விழுங்கி வளர்ந்தவள்தான். நோர்வேயில் இரத்தத்தில் பிடிபடும் இந்தக் கிருமிகளில் நூற்றில் ஒன்று இரண்டுதான் எம்ஆர்எஸ்ஏ. "பரசெட் போட்டுப் பொறு" என்று அனுப்பும் பிடிவாதத்துக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பு உண்டு. பரசெட் வைத்தியர்களை இப்போது நான் குறை சொல்வதில்லை.

வைகாசி நடுவில், ஒரு வார இடைவெளியில் எடுத்த மூன்றாவது பஞ்சுக்குச்சியும் சுத்தம் என்று வந்தது. மகளுக்கும் அப்படியே. இவர் தட்டில் இருந்து தாலிக்கொடியை எடுத்து வந்தார். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அந்த அம்மாவின் அறைக்குப் போனேன். "நீ சிலோனில் நீண்ட நாள் நின்றுவிட்டாய்," என்றார். ஓம் என்றேன்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடமாகிறது. இந்த ஆடியில் மறுபடி போகிறோம், தம்பிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. திரும்பிய மறுநாள் காலைக்கே பரிசோதனைக்கு நேரம் எடுத்து வைத்திருக்கிறேன்.